கண்ணுக்குக் கொஞ்சம் நெழல்

பக்கத்து வீட்டு அக்கா படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நின்றுகொண்டு தூங்கிப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்த வாக்கில் தூங்கிப் பார்த்திருக்கிறேன். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் விடியும் முன்பே குழாயில் தண்ணீர் விடுவார்கள். அக்கா வரிசையில் குடத்தை வைத்துவிட்டு விளக்குக் கம்பத்தில் தலையைச் சாய்த்து நிற்பார். முந்தானை தோளில் சரியாகத்தான் இருக்கும், கை இடுப்பில்தான் இருக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார். முன்னால் இருக்கும் குடம் நகர்ந்தால் கண்ணைத் திறக்காமலே தன் குடத்தைக் காலால் தள்ளுவார். "இன்னாக்கா, தூக்கமா?" என்று கேட்டால் போதும், மாங்காய் திருடிப் பிடிபட்டவர் போலப் பதறுவார்.

"தூக்கமெல்லாம் இல்ல பாப்பா. கண்ணுக்குக் கொஞ்சம் நெழல் குடுத்துக்கினு இருந்தேன்."

அவர் சொல்கிற பதில் எப்போதும் இதுதான். கொடியில் துணி உலர்த்தும்போது கை கிளிப்பிலேயே நின்றுவிட்டால் நெழல். பிள்ளையார் கோயிலில் எல்லோரும் கற்பூரத்தைப் பார்க்கும்போது அவர் மட்டும் கண்ணைத் திறக்காமல் இருந்தால் அதுவும் நெழல். பக்தி என்று ஐயர் நினைத்துக்கொண்டு அவருக்கு ஒரு பூ அதிகமாகக் கொடுப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. அப்போது நான் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் காலை பாசஞ்சரில் ஓடுவேன், சாயங்கால பாசஞ்சரில் திரும்புவேன். ரயில் நகர்ந்ததும் ஜன்னலில் சாய்ந்தேன் என்றால் திண்டிவனத்தில் இறங்கும்போது கன்னத்தில் கம்பி போட்ட கோடுகள் இருக்கும். அதோடுதான் நாள் முழுக்கத் தட்டச்சு அடிப்பேன். தூக்கம் போதாத உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எனக்கு ரயிலாவது இருந்தது. அக்காவுக்கு அதுவும் இல்லை.

அந்த வீட்டில் பெண்கள் பகலில் படுக்கக் கூடாது. அது மாமியார் போட்ட சட்டம். அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பொல்லாதவர் என்று சொல்ல மனசு வரவில்லை. எனக்குப் பிரசவமானபோது பூண்டுக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். ஆனால் வெளிச்சம் இருக்கும்போது மருமகள் தலையைச் சாய்த்தால் வீட்டுக்குள் மூதேவி வந்து குந்திக்கொள்வாள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மருமகள்கள் மூன்று பேர். இரண்டாவது மருமகள் வேலைக்குப் போகிறவர், மூன்றாவது மருமகள் சண்டைக்குப் போகிறவர். மிச்சமிருந்த எல்லாவற்றுக்கும் பெரிய மருமகள்தான். கெடார் கிராமத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது. கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காய வைப்பது, உடைப்பது, புடைப்பது எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும்.

சுவர் பொதுச்சுவர் என்பதால் அந்த வீட்டுச் சத்தம் முழுக்க எங்கள் வீட்டிலும் கேட்கும். "பெரியவளே!" என்று பெரியம்மா. "அண்ணி!" என்று கொழுந்தன்மார். "பெரீம்மா!" என்று பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அக்காவின் குரல், "தோ, வந்துட்டேன்." என் குழந்தை முதலில் பேசக் கற்றுக்கொண்ட வார்த்தை அம்மா இல்லை. "தோ."

ஒருமுறை அவரும் நானும் ஒரே பேருந்தில் திண்டிவனம் போனோம். ஓமந்தூருக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா வீடு. தம்பி குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள் என்று அபூர்வமாக அனுப்பியிருந்தார்கள். விழுப்புரம் எல்லையைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டார். வழியில் லாரி ஒன்று மறித்துக்கொண்டு டிரைவரும் டிரைவரும் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டார்கள், அக்கா அசையவில்லை. திண்டிவனம் வந்ததும் மெல்லத் தோளைத் தட்டி, "அக்கா" என்றேன். அவ்வளவுதான். விருட்டென்று எழுந்து நின்று, "தோ, வந்துட்டேன் அத்த!" என்று கத்தினார். பேருந்தே சிரித்தது. கண்டக்டர், "வாம்மா, ஜல்தியா வா, அத்த கீழ நிக்குது" என்றார். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். எனக்குத்தான் அன்றைக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

அவருடைய புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். பூர்வீகம் புதுச்சேரி. அப்பா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை அவருக்கும் வந்திருந்தது. அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்று சொல்வார்கள். மற்ற சொல்தாக்கள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் கூட்டிப் போகவில்லை. தம்பிகள் படிக்க வேண்டும், அப்புறம் தம்பிகளுக்குக் கல்யாணமாக வேண்டும், அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இப்படியே இருபது வருஷம் போய்விட்டது. ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று.

அவர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அவர் வருகிறார் என்றால் அந்த வீடு கல்யாண வீடாகிவிடும். சமையலுக்கு ஆள் வரும், துணி துவைக்க ஆள் வரும். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இருவரும் புதுச்சேரிக்குப் போவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். சினிமாக் கொட்டகையில் அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கியதைப் பின்வரிசையில் இருந்து நானே பார்த்தேன். ஆசையாகச் சாய்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார், படம் முடிகிறவரை தோளை அசைக்கவில்லை. "நான் அங்க குளிர்ல கெடந்தாலும் எங்க வீட்ல என் சம்சாரத்த ராணி மாதிரி வெச்சிக்கினு இருக்காங்க" என்று ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவருடைய விடுப்பு முடிந்த மறுநாள் ராணி குழாயடியில் நிற்பார்.

பட்டாளத்திலிருந்து பென்சனோடு ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம் அக்காவைக் கோடைக்காலத்தில் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அது அவருடைய இளவயசுக் கனவு. புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்திருந்தபோது லாரி ஓட்டிப் போகிற வழியெல்லாம் ஜோடி ஜோடியாக ஆற்றங்கரையில் துணியை விரித்து, ரொட்டியும் பழமும் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் என் பெண்டாட்டியையும் இப்படி உட்கார வைப்பேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டாராம். இப்போது ஒரு சின்னக் காரை எடுத்துக்கொண்டு பாரிசில் கிளம்பி, லுவார் ஆற்றங்கரையோடு போய், திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, கடைசியில் நீஸ் பக்கத்துக் கடற்கரைவரை ஒரு மாசம் இரண்டு பேர் மட்டும். அதற்குப் பின்னால் இன்னொரு எண்ணமும் இருந்தது. ஊர் அவளுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே இருவரும் குடித்தனம் போட்டுவிடலாம்.

பெரியம்மா புளியும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்து அனுப்பினார். ரயிலடியில் எங்கள் தெருவே நின்றது. பெருமையும் பொறாமையும் பாதிப்பாதியாக நானும் நின்றேன்.

ஆடி முடிந்து திரும்பி வந்தார்கள். அண்ணன் சுவரில் படம் காட்டுகிற பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். விளக்கு வைத்த பிறகு கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவ்வளவு பேருக்கும் அக்கா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் படம் கோட்டை. ஆற்றுக்கு நடுவில் வெள்ளையாக நின்றது. எல்லோரும் ஆவென்று பார்த்தோம். "முன்னாடி பெஞ்சுல யாரு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பெஞ்சில் புடவை மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அக்கா. தலை தொங்கியிருந்தது. அடுத்த படம் திராட்சைத் தோட்டம். வண்டிக் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அக்கா தூக்கம். அடுத்தது மாதா கோயில், கடைசி வரிசையில் அக்கா தூக்கம். அடுத்தது ஆற்றங்கரை. சிவப்புக் கட்டம் போட்ட துணியை விரித்து, ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எல்லாம் அழகாக எடுத்து வைத்திருந்தார்கள். நடுவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அக்கா சுருண்டு படுத்திருந்தார். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்க, குடைக்குக் கீழே மீண்டும் அக்கா.

முதலில் அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் காட்டினார். போகப்போக அவர் குரல் மாறியது. "கடல் எப்பிடி நீலமா இருக்கு பாருங்க. எழுப்பினேன். ம், நல்லாருக்குங்கன்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்கிட்டா." கூடத்தில் சிரிப்பு தாங்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர், "மரக்காணத்துக் கடல்லியே தூங்கியிருக்கலாமே, இதுக்கா ஏரோப்ளேன்ல போச்சு?" என்றார். "அவ்ளோ தூரம் போயும் தூங்கியிருக்கா பாரு" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தெருவில் அக்காவுக்குத் தூங்குமூஞ்சி என்று பேராகிவிட்டது. எங்கள் தெருவிலேயே தூக்கத்தைக் கண்ணால் காணாத ஒரே ஒருத்திக்கு! எனக்கு வந்த கோபத்தில் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

மறுநாள் குழாயடியில் கேட்டேன். "நெஜமாவே ஒண்ணும் பாக்கலியாக்கா?"

"பாத்தேனே. கண்ணு முழிச்சா வெள்ள வெள்ளையா மாடு மேயும். மறுபடி முழிச்சா கடலு. நடுவுல என்ன ஊரு வந்துச்சின்னு தெரியல பாப்பா." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. "அவரு பாட்ட முணுமுணுத்துக்கினே வண்டி ஓட்டுவாரு. தூக்கத்துலயும் அது கேக்கும். குளுருதுன்னு கோட்ட எடுத்து மேல போத்துவாரு, அதுவும் தெரியும். கல்யாணமாயி அப்பதான் அவருகூட இருந்த மாதிரி இருந்துச்சி."

"இத அவருகிட்ட சொன்னியாக்கா?"

"எங்க சொல்றது? வந்த அன்னைக்கே மாவு அரைக்க உக்காந்துட்டேன்."

அதற்குள் அவர் குடம் நிரம்பிவிட்டது, போய்விட்டார்.

அண்ணன் முகம் அதன்பிறகு சரியாகவே இல்லை. யாரிடமும் சண்டை போடவில்லை, சிடுசிடுக்கவில்லை, ஆனால் படப்பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். புரட்டாசி போய் ஐப்பசியும் வந்தது. இந்தத் தடவை அவர் விடுப்பில் வந்தவர் இல்லை என்பதால் சமையலாள் துணியாள் என்று யாரையும் வைக்கவில்லை. தீபாவளி கழித்துத் தனியாகவே பிரான்சுக்குப் போய் இருந்துவிடப் போவதாக என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். "இருவது வருசமா ஆசப்பட்டு கூட்டிக்கினு போனேன் தம்பி. அவளுக்கு என்னோட இருக்கறது பேஜாரா இருக்குது போல" என்றாராம். இவர் போனால் திரும்பி வர மாட்டார். அக்கா அந்தச் சுவருக்குள்ளேயே தோ, வந்துட்டேன் என்று ஆயுசைக் கழிக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா, அக்கா, நான். அண்ணன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, கிளம்புகிற பேச்சை எடுத்தார்.

"ஏன்டா தனியா போற? இவளும் வரட்டும்னு சொல்லிக்கினு இருந்தியே?"

"இவளுக்கு அந்த ஊரு புடிக்கலம்மா. போன எடமெல்லாம் தூக்கம். புடிச்சிருந்தா முழிச்சிப் பாக்க மாட்டாளா?" அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அக்கா உடைத்த காயை முறத்தில் போட்டார். "புடிச்சிருந்துச்சிங்க" என்றார். "அதான் தூங்கினேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு மாசம் என்ன யாரும் கூப்பிடலிங்க. நீங்க ஒருத்தருதான் கூப்பிட்டீங்க. அதுவும் கடலப் பாரு, மரத்தப் பாருன்னு. எனக்கு..." அவர் முடிப்பதற்குள் கொல்லைப் பக்கத்திலிருந்து "அண்ணி, துண்டு!" என்று ஒரு குரல். "தோ, வந்துட்டேன்" என்று எழுந்தார். துண்டைக் கொடுத்துவிட்டு வந்து உட்காரப் போனார். மாடியிலிருந்து "பெரீம்மா!" போய்விட்டு வந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெரியம்மா, "பெரியவளே, அந்த முறத்த நவுத்து" என்றார். முறம் பெரியம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

இதெல்லாம் அண்ணன் காதில் தினமும் விழுந்துகொண்டிருந்ததுதான். அன்றைக்குத்தான் கேட்டது என்று நினைக்கிறேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"இந்தா, நீ எழுந்து உள்ள போயி படு."

"இப்பவா? வெளிச்சத்துலயா? மல்லாட்ட கெடக்குதுங்க."

"கெடக்கட்டும். போ."

அக்கா மாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தண்டனை கிடைத்த பிள்ளை மாதிரி எழுந்து அறைக்குள் போனார். அண்ணன் கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கொழுந்தன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "அண்ணி, சாப்பாடு" என்றார். "தூங்குறா. நீயே போட்டுக்கோ" என்றார் அண்ணன். ஏதோ கேட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கும் அதே பதில்தான். பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை.

"பட்டப்பகல்ல இது இன்னாடா புதுசா? நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தினி வருசமாச்சி. என்ன யாருடா தூங்க உட்டா?"

பெரியம்மாவின் கண்ணுக்குக் கீழே எவ்வளவு கருத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு உள்ளேயிருந்து திறந்தது. தலை கலையாமல், புடவை கசங்காமல் அக்கா நின்றார்.

"தூக்கம் வரலிங்க. யாரோ கூப்புடுற மாதிரியே இருக்குது. அடுப்புல கொழம்பு வேற வெச்சேன்."

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்த மனுஷன், கண் கலங்கிவிட்டது. எழுந்து நாற்காலியை ஓரமாக நகர்த்தினார்.

"நாங்க ரெண்டு பேரும்தாம்மா போறோம்" என்றார்.

"அங்க போயி இவ இன்னாடா பண்ணப் போறா?"

"தூங்கட்டும்."

பெரியம்மா தானே முறத்தை இழுத்துக்கொண்டு உடைக்க ஆரம்பித்தார்.

தீபாவளி கழிந்து இரண்டு பேருமாகக் கிளம்பிப் போனார்கள். அதற்கப்புறம் பெரியம்மாவே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார். பெரிய மருமகள் எங்கே என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பெருமையா புகாரா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் எல்லோருக்கும் ஒன்றையேதான் சொன்னார்.

"எங்க பெரிய மருமவ பிரான்சுக்குத் தூங்கப் போயிருக்குது."